டச்சுப் பிள்ளைகளும் பாகூர் மதகும்

ஞாயிறு, புதுச்சேரி

நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் முதுகலை படிக்கிற பிள்ளைகள் நம்ம பக்கம் களப்பாடத்துக்கு வந்திருக்கிறார்கள். பாதிப் பேர் டச்சு, மீதிப் பேர் பல ஊர்க்காரர்கள். வகுப்பறை கிடையாது, வேனும் வெயிலும்தான். கூடவே போய், பேச்சை இரண்டு பக்கமும் கடத்தி, ஓட்டுநர் அண்ணனுக்கு வழி சொல்லி, யாருக்கு வயிறு சரியில்லை என்று பார்த்துக்கொள்வது என் வேலை. திருப்பாதிரிப்புலியூர்க்காரி, தாவரவியல் படித்தவள், வெயிலுக்குப் பயப்படாதவள் என்று யாரோ சொல்லிவிட, கூப்பிட்டார்கள். தினமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் போடுகிறேன்.

பேராசிரியை எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டு கொடுத்திருக்கிறார். இடம், மண், தண்ணீர், மரம், மக்கள் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: "இதைப் பராமரிப்பது யார்? காசு யாருடையது?" பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அந்தக் கட்டத்தை மட்டும்தான் பிடித்தது.

முதல் பாடம் கடற்கரைச் சாலையில். காந்தி சிலைக்குப் பக்கத்தில் பாறையைப் பார்த்துவிட்டு "பீச் எங்கே?" என்று கேட்டான் கென்யப் பையன். நியாயமான கேள்வி. வருஷத்தில் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான் போகும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். அதன் தென்புறம் மணல் சேர்ந்தது, வடபுறம் பட்டினி. நகரத்துக் கரை போய்விட்டது. காப்பாற்றப் பாறை கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் பாறை. இப்படியே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. சேரும் மணலை வாரி வடக்கே போடும் ஏற்பாடு துறைமுக வரைபடத்திலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். கட்டுவதற்குக் காசு வந்தது, வாருவதற்கு ஒழுங்காக வரவில்லை.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் இருக்கிறது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் ஆப்பு வடிவில் ஒரு பெரிய இரும்புப் பெட்டகத்தைக் கடலடியில் இறக்கி வைத்த பிறகு, 2019 வாக்கில் திரும்பி வந்த மணல் அது. அங்கே சரிவு அளந்தார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே உயரத்தில் இரண்டு குச்சி, நடுவில் கயிறு. கடல் பக்கக் குச்சியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி குனிந்து பார்த்து, கரைப் பக்கக் குச்சியின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே கண் நிற்கிறது என்று படிக்க வேண்டும். அந்த அளவுதான் இரண்டு குச்சிக்கும் நடுவே மணல் இறங்கியிருக்கும் ஆழம். பட்டாணி சுண்டல் விற்கிற பையன் கூட நின்று பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை அவனே சரியாகப் படித்தான்.

சாயங்காலம் வைத்திக்குப்பத்தில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "முன்னயெல்லாம் கரைவலை இழுப்போம் பாப்பா. ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு இழுக்க மணலு வேணும்ல? பாறை மேல நின்னா இழுக்க முடியும்?" என்றார். ஒரு டச்சுப் பெண் தன் ஊர்க் கதையைச் சொன்னாள். ஹேக் நகருக்குப் பக்கத்தில் 2011-இல் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

"தீந்து போனா?"

"மறுபடி கொட்டுவாங்க ஐயா. கரைக்கு மணல் போடறதுக்குன்னே வருஷா வருஷம் அரசாங்கத்துல பணம் ஒதுக்குவாங்க."

"அதானே பார்த்தேன்" என்று ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

திங்கள், பாகூர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். எனக்குப் பாகூர் ஏரி மேல் ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியின் ஏரிகளில் அளவில் ஊசுட்டேரிக்கு அடுத்தது இது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். ஊரின் பழமைக்குச் செப்பேடே இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த ஒரு கல்லூரியின் செலவுக்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதிவைத்த பாகூர்ச் செப்பேடு. வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வந்து தங்குவது பாகூருக்குப் புதுசில்லை என்று சொன்னேன். பேராசிரியை நின்று அதை எழுதிக்கொண்டார்.

கரை மேல் நடந்தோம். போன மழைக்கு நிறைந்து, மாசி பிறக்கப்போகிற இந்த நேரத்திலும் தண்ணீர் பாதிக்கு மேல் நிற்கிறது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் சில இடத்தில் நவரைக்கு நாற்று நட்டிருந்தார்கள். ஒரு மதகின் முன்னால் எல்லோரும் மண்டியிட்டார்கள். கல் தூண்கள் பழையவை. நடுவில் இரும்புப் பலகை, மேலே சுழற்றுகிற திருகு. திருகில் கிரீஸ் இல்லை, துரு. பலகையின் அடிவிளிம்பு ஒரு பக்கம் அரித்துப்போய், அந்த ஓட்டையில் வைக்கோலும் களிமண்ணும் கிழிந்த உரச்சாக்கும் சேர்த்து அடைத்திருந்தார்கள். சாக்கின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து, பாசி பிடித்து, அதில் குட்டி நத்தைகள் ஒட்டியிருந்தன. இந்தச் சாக்கை வைத்தவர் யார் என்று ஒரு டச்சுப் பையன் கேட்டான். எங்களோடு வந்த விவசாயி கையைத் தூக்கினார். கடைசிக் கட்டத்தில் எழுத அவனுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியில் 84 ஏரிகளைச் சீரமைத்தார்கள். ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்து, கரை உயர்த்தி, வாய்க்கால் தூர் வாரி, மதகு மாற்றி, நல்ல வேலை. விவசாயியிடம் அதைப் பற்றிக் கேட்டோம்.

"செஞ்சாங்கம்மா. நல்லாத்தான் செஞ்சாங்க. செஞ்சது அப்படியே நிக்குமா? வாய்க்கால்ல வருஷா வருஷம் ஆகாயத்தாமரை வருது, நெய்வேலிக் காட்டாமணி வருது. புராஜெக்ட் முடிஞ்சா சங்கத்துக்கு யாரு வருவா?"

பக்கத்தில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்கு ஏரித் தண்ணீர் தேவையில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்னதுதான் இன்றைய பாடம்: "ஏரியில தண்ணி நின்னாத்தான் போர்ல தண்ணி ஏறும். ஏரி இப்ப பாயறதுக்கு இல்ல, ஊறறதுக்கு." விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். கடல் பக்கம் போகப்போகக் கிணறு உப்பாகிறது. போர் வந்த பிறகு மதகைத் திறப்பதற்காக ஊர் ஒன்றுகூட வேண்டிய அவசியம் குறைந்தது. ஊர் கூடாதபோது தூர் வாருவதும் நின்றது. ஊர்க்காரர்களே ஏரியைப் பராமரிக்கிற குடிமராமத்து எப்படிச் செத்தது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒரு சுவிட்சு போதுமாக இருந்திருக்கிறது.

நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பதையும், அவற்றுக்கென்று தனித் தேர்தல், தனி வரி இருப்பதையும் பிள்ளைகள் விவரித்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் விவசாயி குறுக்கிட்டார். "ஏரிக்கு ஓட்டா? வரியும் கட்டறாங்களா?" ஆமாம், வீட்டில் குடியிருப்பவரும் கட்டுகிறார் என்றேன். "அப்ப பாண்டிச்சேரியில பிளாட்டு வாங்கினவன்கிட்டயும் வசூல் பண்ணணும். அவன் குடிக்கறதும் இங்கேருந்து ஊறற தண்ணிதான?" கணக்கில் மனிதர் கெட்டி.

மத்தியானம் மூலநாதர் கோயில் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. வத்தக்குழம்பு. கலிஃபோர்னியாக்காரி இரண்டாம் தடவை வாங்கினாள்.

செவ்வாய், புத்துப்பட்டு, ஆரோவில்

காலையில் கீழ்ப்புத்துப்பட்டு. ஈசிஆரை ஒட்டி, ஐயனார் கோயிலும் அதைச் சுற்றிக் காடும். கடற்கரையோரம் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். வீரை, காயா, வக்கணை. உயரம் குறைவு, இலை தடிப்பு, உள்ளே போனால் வெயில் விழாது. ஐயனார் காட்டில் குச்சி ஒடித்தால் ஆகாது என்ற பயம்தான் இதன் வேலி. புதுவைப் பல்கலைக்கழகத்தார் இங்கே பல வருஷமாக மரங்களை எண்ணி அளந்து வருகிறார்கள். பிள்ளைகள் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, மார்பு உயரத்தில் சுற்றளவு எடுத்தார்கள். நான் பெயர் சொல்ல, அவர்கள் எழுத. எனக்கு நல்ல பொழுது.

காட்டின் ஓரம் வேறு கதை. மொட்டை, காது குத்து, கிடா வெட்டு, குடும்பத்தோடு பொங்கல். அடுப்புக்கல், பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டில். குச்சி ஒடிக்கப் பயப்படுகிறவர்கள் பாட்டில் போடப் பயப்படுவதில்லை. ஐயனார் இதற்கு இன்னும் சட்டம் போடவில்லை போலும்.

அங்கிருந்து ஆரோவில். 1968 பிப்ரவரியில் தொடங்கியபோது செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். முதலில் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு மரம். வேகமாக வளர்ந்து நிழல் கொடுக்க ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டார்கள். அதன் அடியில், புத்துப்பட்டு மாதிரி கோயில்காடுகளில் எடுத்த விதைகளிலிருந்து நம்ம மரங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது அகேசியாக்கள் வேரோடு சாய்ந்தன. அடியில் இருந்த குட்டை மரங்கள் தாக்குப்பிடித்து, கிடைத்த வெளிச்சத்தில் எழும்பின. அதே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் விழுந்ததில் எத்தனை குடும்பம் உட்கார்ந்துபோனது என்பதையும் சொன்னேன். அவர்கள் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு ஆரோவில் காடு பிடிக்கும். விளக்கம் சொல்கிற விதம் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கிருந்தோ வந்தவர்கள் பாலைவனத்தைக் காடாக்கிய கதையாகவே எப்போதும் வரும். குயிலாப்பாளையம், எடையன்சாவடிப் பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து கன்றுக்கு ஊற்றியது ஒரு வரியில் முடியும். சாயங்காலம் டீக்கடையில் அப்படிச் சுமந்த ஒரு பாட்டி கிடைத்தார். கன்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளைக்கு ஒருமுறை, கோடையில் எப்படி, எது பட்டுப்போகும், எது பிழைக்கும் என்று விரல் மடக்கிச் சொன்னார். நாளெல்லாம் கேட்ட உரைகளை விடப் பிள்ளைகள் அதைத்தான் வேகமாக எழுதினார்கள்.

புதன், புதுச்சேரி

இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. மோர், அரிசிக் கஞ்சி, ஓஆர்எஸ். மற்றவர்களை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குக் கூட்டிப்போனேன். 1955-இல் தொடங்கிய இடம். நேற்று புத்துப்பட்டில் பார்த்த காயாவை அழுத்திக் காய வைத்த தாளில் பார்த்ததும் கென்யப் பையனுக்கு ஒரே சந்தோஷம். மத்தியானம் எல்லோரும் தூங்கினோம்.

வியாழன், கடலூர்

என் ஊர். கெடிலம் பாலம் தாண்டி, முதுநகர் தாண்டி, சிதம்பரம் சாலையில் சிப்காட். 1980-களில் வந்த தொழிற்பேட்டை. ஒரு பக்கம் சாலை, இன்னொரு பக்கம் உப்பனாறு. சின்ன வயதில் இந்த வழியே பஸ்ஸில் போனால், இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே ஜன்னல்கள் வரிசையாக இறங்கும். வேனிலும் கை தானாக ஜன்னலுக்குப் போனது. பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வாசனை தேவை.

2004-இல் இங்கே நடந்தது உலகத்தில் பலருக்குப் பாடம். சுற்றியுள்ள கிராமத்து மக்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு விசேஷப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்ப் உறிஞ்சியதும், வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் வந்து நிறையும். 1990-களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் குடியிருந்தவர்களுக்காக உருவான வித்தை. மாதிரிகளில் பல நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்தது. கலிஃபோர்னியாக்காரிக்கு அந்த வாளி பற்றித் தெரியாது. தன் ஊர்ப் பொருளை என் ஊரில் வந்து தெரிந்துகொண்டாள்.

வாளியை விட என்னை ஈர்ப்பது அந்த மக்கள் எழுதிய வாசனை நோட்டுதான். எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம்: அழுகிய முட்டையா, முட்டைக்கோஸா, ஆஸ்பத்திரி மருந்தா, கண் எரிந்ததா, தலை வலித்ததா. அன்றைக்கு எழுதிய ஒரு அண்ணன் எங்களிடம் பேசினார். "சும்மா நாறுதுன்னா ஆபீஸ்ல யாரும் கேக்க மாட்டாங்க. தேதி போட்டு, மணி போட்டு எழுதினா கேப்பாங்க. இப்ப எழுத ஆளு கொறைஞ்சிருச்சு. பசங்க வேலைக்குப் போயிட்டாங்க, சில பேரு அதே கம்பெனிக்குத்தான்." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த கைக்கருவி தூசி அளவை மட்டும் காட்டும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுக்காட்டிச் சிரித்தார்.

ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். முள்ளோடு சாப்பிடலாம் என்று நம்ப வைக்கத்தான் நேரமானது.

வெள்ளி, பிச்சாவரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற அலையாத்திக் காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. படகுத்துறையில் வழக்கம் போல எம்.ஜி.ஆர். படம் எடுத்த கதை கேட்டோம். பிறகு துடுப்புப் படகில் உள்ளே போனதும் பேச்சு அடங்கியது, ஏனென்றால் எல்லோரும் கிளைக்குக் குனிந்துகொண்டிருந்தோம். வெண்கண்டல் இலையைத் திருப்பி நக்கிப் பார்க்கச் சொன்னேன். செடி வெளியே தள்ளிய உப்பு அடிப்புறத்தில் படிந்திருக்கும். இந்தோனேசியப் பெண் நக்காமலே தலையாட்டினாள். அவள் ஜாவாவின் வடகரை. இறால் பண்ணைக்காகக் காட்டை வெட்டி, நிலத்தடி நீரையும் உறிஞ்சி, தெருவே கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிற பகுதி. சேற்றில் இடுப்பளவு இறங்கி நடக்க அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. மற்றவர்களின் செருப்பெல்லாம் சேற்றுக்குக் காணிக்கை.

பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970-கள் வரை இங்கே காட்டைக் கட்டம் கட்டமாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து இறங்கி, நடுவில் குழி விழுந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. அதில் விதை பிழைக்காது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். மீன் முள் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். ஓதம் தினமும் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கரையில் வெண்கண்டல் நட்டார்கள், பிடித்தது.

வாய்க்காலிலும் குழியிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, உப்பு அளக்கிற கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்தார்கள். குழியில் உப்பு கூடுதல். "இப்ப மழைத் தண்ணி கலந்திருக்கு. சித்திரையில வாங்க, தரையே வெள்ளையா பூத்திருக்கும்" என்றார் படகுக்காரர். சில சிறு வாய்க்கால்களின் வாய் தூர்ந்து, ஓதம் நுழையாமல் கிடந்தது. அந்த ஓரத்து மரங்கள் குட்டை.

2004 சுனாமியில் இந்தக் காடு பின்னாலிருந்த ஊர்களைக் காப்பாற்றியதா என்று வேனில் பெரிய சண்டை. கடலூர் மாவட்டத்துக் கரையை வைத்து 2005-இல் வந்த ஆய்வு, மரம் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றது. பிறகு வந்தவர்கள், கடலிலிருந்து தூரமும் தரை மேடும்தான் முக்கியக் காரணம் என்று மறுத்தார்கள். இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்தது. ஓட்டுநர் அண்ணன் ரேடியோவைக் கூட்டினார்.

சனி, கிள்ளை

இருளர் குடியிருப்பில் மரத்தடியில் கூட்டம். பிள்ளைகள் வரைபடத்தை விரித்து, எங்கே உப்பு அதிகம், எங்கே மரம் குட்டை என்று நிறம் தீட்டிக் காட்டினார்கள். நான் தமிழில் சொன்னேன். காலையில்தான் அந்தப் பெண்கள் இறால் பிடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். வலை கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஒரு அக்காவின் பறி பக்கத்திலேயே ஈரமாக இருந்தது. கயிற்றில் பல் பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது.

அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க கை வெக்கிற எடம் எங்க இருக்கு?" என்றார்.

இல்லை. யாரும் குறிக்கவில்லை.

அவரே விரலால் காட்டக் காட்ட, டச்சுப் பெண் பென்சிலால் போட்டாள். வாய்க்கால் வாய் தூர்ந்த இடமும் இறால் குறைந்த இடமும் பல இடத்தில் ஒன்றாகவே வந்தன. "ஓதம் ஏறினாத்தான் எறா உள்ள வரும். ஓதத்துக்கு வழி இல்ல, எறாவுக்கு மட்டும் வழி இருக்குமா?" நீளமாகச் சொல்ல வேண்டியதை அவர் அவ்வளவில் முடித்துவிட்டார். அந்த வாய்க்கால்களில் சிலவற்றை வெட்டியதே இவர்கள்தான், கூலிக்கு.

அறிக்கை ஆங்கிலத்தில் ஹாலந்துக்குப் போகிறது, எங்களுக்கு என்ன என்று இன்னொருவர் கேட்டார். பேராசிரியை உடனே ஒத்துக்கொண்டார்: தூர்ந்த வாய்க்கால்களின் பட்டியல் தமிழில், வரைபடத்தோடு, திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்கு. எழுதுகிற வேலை யாருக்கு என்று கேட்க வேண்டுமா? மரத்தடியிலேயே உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வழங்குகிற பெயரிலேயே எழுதினேன். எது முதலில், எது பொறுக்கும் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வேறு. ஓதம் முதலில் நுழையும் வாயிலிருந்து ஆரம்பிப்பதாக முடிவானது. அலுவலகத்துக்கு மூன்று பேர் கூட வருகிறார்கள், வேன் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் பிள்ளைகளின் நோட்டில் இருக்கிற அதே கேள்வியை நானும் கேட்டேன்: வருஷா வருஷம் வாருவது யார்? பறிக்காரி அக்கா யோசிக்கவே இல்லை. "கூலி குடுத்தா நாங்களே வாருவோம். அதையும் எழுது."

கூலி எவ்வளவு என்பதையும் அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.